சிங்கம் முட்டையிட்டது

வத்தேகம,
16.02.2025

அன்பு மகனுக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. நானும் பெரியப்பாவும் நலம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் பழையபடி இருக்கிறது. அம்மா, அப்பா, தங்கச்சி, நீ, சிங்கம் எல்லாரும் நலம்தானே? சிங்கத்தைக் கடைசியில் போட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரைக்கு நீ வீடியோவில் வந்தாய். உன் ஊர் ஸ்கார்பரோவில் நடுராத்திரி ஒரு மணி. "பெரியம்மா, சிங்கம் முட்டை போட்டிருச்சு!" என்றாய். "அது ஆண் என்று சொன்னாயே" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் படம் அப்படியே நின்றுவிட்டது. உன் போனில்தான் கோளாறு என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் வத்தேகமயில் மட்டுமல்ல, இலங்கை முழுவதும் கரண்ட் இல்லை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் வந்த வினை என்று அமைச்சர் சொன்னார். உன் வீட்டில் ஒரு பல்லி, எங்கள் நாட்டில் ஒரு குரங்கு. அன்றைய பொழுது அவர்கள் கையில்.

கரண்ட் வந்ததும் உனக்குக் குரல்செய்தியில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன்: முட்டையைப் புரட்டாதே. மிச்சத்தைக் கடிதத்தில் எழுதுகிறேன் என்றேன். இது உன் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். பரவாயில்லை, முட்டைக்கும் அவசரமில்லை. ஒரு நிபந்தனை: அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. எழுத்துக் கூட்டியாவது நீயே வாசி.

முதலில் சிங்கத்தின் கதை. உன்னிடம் இருப்பது சிறுத்தைப் பல்லி. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட மலைகளின் பிராணி. கல்கத்தாவில் இருந்த எட்வர்ட் பிளைத் என்ற ஆங்கிலேயர் 1854இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். நம்ம வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. நம்ம பல்லி கண்ணாடியில் ஏறும், இது ஏறாது, விரலில் அந்தப் பசைத் தகடு இல்லை. கடைக்காரர் கண்ணாடித் தொட்டியில் மூடியில்லாமல் வைத்திருந்தார் என்று நீ ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தாயே, அதற்குக் காரணம் இதுதான். ஆணா பெண்ணா என்று பார்க்க வாலின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு அங்கே ‘வி’ எழுத்து மாதிரி மெழுகுத் துளைகள் வரிசையாக இருக்கும், அதற்குப் பின்னால் இரண்டு புடைப்பும் தெரியும். கடைக்காரர் தலைப் பக்கத்தை மட்டும் பார்த்திருப்பார்.

ஆண் இல்லாமல் முட்டை எப்படி வந்தது என்றுதானே குழம்புகிறாய். கோழிப் பண்ணையில் சேவலா இருக்கிறது? பெண் பல்லியும் அப்படித்தான், துணை இல்லாமலே முட்டை போடும். அதில் குஞ்சு இருக்காது. ஆனால் இன்னொரு வழியும் உண்டு. உன்னிடம் வருவதற்கு முன்னால் அது கடைத் தொட்டியில் மற்றப் பல்லிகளோடு கிடந்தது. பெண் பல்லிகள் ஆணின் விந்தை மாதக்கணக்கில் வயிற்றில் சேமித்து வைத்து, தோதான நேரத்தில் முட்டைக்குப் பயன்படுத்தும். நீ வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது, ஆகவே முட்டையில் உயிர் இருக்கலாம். மூன்றாவது வழி அபூர்வம். இங்கிலாந்தின் செஸ்டர் மிருகக்காட்சிசாலையில் ஃப்ளோரா என்ற கொமோடோ உடும்பு ஆணையே காணாமல் 2006இல் முட்டையிட்டு, அடுத்த ஜனவரியில் குஞ்சு பொரித்தது. இலங்கையிலும் இருக்கிற ஒரு சின்னப் பல்லி இனத்துக்கு ஆணே தேவையில்லை, பெண் பெண்ணையே பெறும். இதை வகுப்பில் சொன்னபோது பின்வாங்கில் இருந்த பெண் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். உன்னை விட எனக்கு இதில் மூன்று வருட அனுபவம் கூட.

2022 பெப்ரவரி. உரம் இல்லை, மரக்கறி விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அடுக்களைக்குப் பின்னால் மிளகாய்க் கன்று வைப்போம் என்று நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் அந்த இடத்தில் ஒரு பச்சோணான் தலையைக் கீழே போட்டு மூக்கால் மண்ணைக் குத்திக் குத்தி அமுக்கிக்கொண்டிருந்தது. கறையான் பிடிக்கிறது என்று நினைத்தேன். நாற்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் பார்க்கிற லட்சணம் அது. மறுநாள் 6ஆம் திகதி காலையில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டதும் ‘சொத்’ என்று ஒரு சத்தம். மண்ணுக்குள் வெள்ளையாக ஒன்பது முட்டை. ஒன்று என் வெட்டில் போய்விட்டது, மஞ்சள் வழிந்து மண்ணில் கலந்தது. மிச்சம் எட்டு. ஒவ்வொன்றும் பெரிய மொச்சைக் கொட்டை அளவு. ஓடு கோழிமுட்டை மாதிரி உடைகிற ஓடல்ல, பழைய தோல் பணப்பை மாதிரி அமுங்குகிற தோல்.

அப்படியே மண்ணைத் தள்ளி மூடியிருந்தால் கதை முடிந்திருக்கும். உடைந்த முட்டையின் வாசத்துக்குச் செவ்வெறும்பு வரிசை கட்டிவிட்டது. எட்டையும் உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். பெரியப்பா பார்த்தார். "வேலியில போற ஓணானை மடியில கட்டிக்கிட்டு வாறாளே" என்றார். பழமொழி அத்தனை நேராகப் பலித்து நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. உள்ளே தென்னந்தும்புத் தூள், அது இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, பிழிந்தால் ஒரு சொட்டு வந்தும் வராமலும் இருக்கிற பதம். விரலால் எட்டுக் குழி அமுக்கி முட்டைகளைப் பாதி புதைத்து வைத்தேன். மூடியில் ஊசியால் மூன்று துளை. உன் ஊரில் வெர்மிகுலைட் என்று செடிக்கடையில் விற்கும். அதையும் தண்ணீரையும் சம எடையாகக் கலந்தால் போதும். தோல்முட்டை தண்ணீரை உறிஞ்சி நாளுக்கு நாள் பெருக்கும், அதனால் ஈரம் அதற்கு உயிர். வீட்டுப் பல்லியின் முட்டை வேறு. அது சுண்ணாம்பு ஓடு. படத்துக்குப் பின்னாலும் கதவிடுக்கிலும் ஒட்டிக்கொண்டு கிடந்தே பொரித்துவிடும், ஈரம் தேடாது.

இவ்வளவும் சரியாகச் செய்தவள் அடுத்த மூன்று நாளும் காலையும் மாலையும் எட்டு முட்டையையும் பக்குவமாகப் புரட்டிவிட்டேன். கோழி அப்படித்தானே செய்கிறது? ‘பறவைகளின் அடைகாத்தல்’ பாடத்தில் எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

நான்காம் நாள் பேராதனையில் விலங்கியல் படித்த என் பழைய மாணவி ஒருத்தி வேறு விஷயமாகப் போன் எடுத்தாள். பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "டீச்சர், தயவுசெய்து அதில் கை வைக்காதீங்க" என்றாள். கோழிமுட்டைக்குள் மஞ்சள்கருவை இரண்டு பக்கமும் முறுக்குக் கயிறு மாதிரி ஒன்று பிடித்திருக்கும், முட்டை எப்படி உருண்டாலும் முளையம் மேலே வந்துவிடும். ஊர்வனவின் முட்டையில் அந்தக் கயிறு இல்லை. முளையம் ஓட்டின் உட்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். புரட்டினால் சவ்வு கிழியும், அல்லது மஞ்சள்கருவின் பாரம் அதன்மேல் இறங்கும். என்னிடம் படித்த பிள்ளை எனக்கே படிப்பித்தாள். போனை வைத்த கையோடு பென்சிலால் எட்டு முட்டையின் தலையிலும் ஒரு புள்ளி வைத்தேன். பேனாவின் மை ஊறும், பென்சில் ஊறாது.

பத்தாம் நாள் ஒன்றில் பச்சைப் பூஞ்சணம். எடுத்து எறிந்தேன். மூன்றாம் வாரத்தில் இரண்டு, காற்றுப் போன பந்தாகச் சுருங்கின. மிஞ்சியவை ஐந்து.

வெப்பநிலை பார்க்கக் காய்ச்சல் வெப்பமானியை வைக்கலாமா என்று பெரியப்பா கேட்டார். அதில் அளவே 35இல்தான் தொடங்குகிறது என்றதும் பேசாமல் போய்விட்டார். பழைய பெட்டியில் ஆய்வுகூட வெப்பமானி ஒன்று கிடந்தது. டப்பாவைப் பிரிட்ஜின் மேல் வைத்தேன், அங்கே இளஞ்சூடு உண்டு. அப்போதுதான் மின்வெட்டு தொடங்கியது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு மூன்று, பிறகு ஐந்து. பிரிட்ஜ் நின்றால் சூடும் நின்றது. நான் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பதும், கேஸ் இல்லாத நாட்டில் வெந்நீருக்கு விறகு தேடுவதுமாக அலைந்தேன். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "கட்டுஸ்ஸாவுக்கா (ஓணானுக்கா) இவ்வளவு பாடு!" என்று சிரித்தார். அவர் சிரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தாய் ஓணான் வெந்நீர்ப் போத்தல் வைத்தா முட்டையிட்டது? மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனது. வத்தேகமயின் மார்ச் மாத மண் காலையில் குளிரும், மத்தியானம் சுடும், அதற்குப் பழகிய முட்டை அது. டப்பாவை அடுக்களை அலுமாரியின் கீழ்த் தட்டில் தள்ளினேன். காலையில் 24 பாகை, இரண்டு மணிக்கு 29. கிழமைக்கு ஒரு தரம், ஞாயிறு காலையில் மட்டும், மூடியைத் திறந்து காற்று விட்டு மூடுவேன்.

மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. உங்கள் ஊர்த் தொலைக்காட்சியிலும் காட்டினார்களாம், அம்மா அழுதுகொண்டு போன் எடுத்தாள். அன்று எங்கள் தெருவில் பெட்ரோலுக்கோ கேஸுக்கோ பால்மாவுக்கோ போய் நிற்காத வீடு இல்லை. கவலையில்லாமல் கிடந்தவை அலுமாரித் தட்டில் இருந்த அந்த ஐந்தும்தான்.

புதுவருடம் போய் ஒரு கிழமை. ஏப்ரல் 21 இரவு பார்த்தேன், முட்டைகள் வியர்த்திருந்தன. உண்மையாகவே வியர்வை, துளித்துளியாக. இரண்டு முட்டை கன்னக்குழி விழுந்தது போல் லேசாக அமுங்கியிருந்தன. கெட்டுப்போனதென்று நினைத்து எறியப் போனேன். பெரியப்பாதான், "விடிஞ்சு பாப்போம், இரு" என்றார். அவர் சொன்னதைக் கேட்டு நல்லது நடந்த நாட்களை எண்ணி வைத்திருக்கிறேன், இது அதில் ஒன்று. காலையில் ஒரு முட்டையின் தலையில் சவர அலகால் கீறினது மாதிரி ஒரு வெட்டு. குஞ்சின் மேல்தாடையில் பிறக்கும்போது ஒரு நுண்ணிய பல் இருக்கும், தோலைக் கிழிக்க மட்டும். வேலை முடிந்ததும் அது விழுந்துவிடும். வெட்டின் வழியே மூக்கு வெளியே வந்தது, பிறகு ஒரு கண். அப்படியே நின்றது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். இழுத்துவிடலாமா என்று கை குறுகுறுத்தது. அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இல்லை. வயிற்றில் மிச்சமுள்ள மஞ்சள்கருவை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. இழுத்தால் தொப்புளோடு கிழியும். மகன், இதை இரண்டு தரம் வாசி.

பத்தரைக்கு அது தானாக வெளியே வந்தது. உடம்பு என் சுண்டுவிரலின் பாதி, வால் அதைப்போல இரண்டு மடங்கு. எழுபத்தைந்தாம் நாள். மறுநாள் மத்தியானத்துக்குள் ஐந்தும் வந்துவிட்டன.

ஒன்றை வைத்துக்கொள்ள ஆசைதான். பெயர் கூட யோசித்து வைத்திருந்தேன். மாணவியிடம் கேட்டேன். "டீச்சர், அதுகள் காட்டுப் பிராணி. விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1937இலிருந்தே இருக்கு. நீங்களே இப்படிச் செய்தால்?" என்றாள். அன்று மாலையே சீமைக்கிளுவை வேலியில், தாயை முதலில் பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் ஐந்தையும் விட்டோம். இரண்டு நிமிடம் இலையில் அசையாமல் இருந்தன. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், ஒன்றையும் காணவில்லை.

நீ பத்து வயதில் வந்தபோது ஹுன்னஸ்கிரிய வழியாக கோர்பட்ஸ் கேப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பாசி படிந்த மரத்தில் மூக்கு நுனியில் ஒரு சின்ன இலையை ஒட்டிவைத்த மாதிரி ஓணான் ஒன்று. ‘மூக்குத்தி போட்ட ஓணான்’ என்றாய். நக்கிள்ஸ் மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. அதே மலையில் முட்டையே போடாமல் குட்டி போடுகிற இன்னொரு ஓணானும் இருக்கிறது, 2006இல்தான் அதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். இதுகளை இலங்கை வியாபாரத்துக்கு விட்டதே இல்லை. ஆனாலும் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தன. உயிரின வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடப்பதாக இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பால் தள்ளிப்போய் ஆகஸ்ட்டில் ஜெனீவாவில் நடந்தது. அங்கேதான் இந்த இரண்டையும் வியாபாரமே கூடாது என்ற முதலாம் பட்டியலில் சேர்த்தார்கள். உன் சிங்கத்தின் இனம் பல பத்தாண்டுகளாகக் கூண்டிலேயே பிறந்து பெருகுவது, அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை. நாளைக்கு யாராவது ‘சிலோன் பல்லி இருக்கிறது’ என்று காட்டினால் மட்டும் அந்த மூக்கை நினைத்துக்கொள்.

இப்போது உன் இரண்டு முட்டை. உன் ஊரில் இது பெப்ரவரி, அலுமாரித் தட்டு வேலைக்காகாது. தெர்மோஸ்டாட் உள்ள பெட்டி வேண்டும். எத்தனை பாகை வைக்கிறாயோ அதற்கேற்ப ஆணோ பெண்ணோ பிறக்கும். 26இல் ஏறக்குறைய எல்லாம் பெண், இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்கும். 32இல் பெரும்பாலும் ஆண், ஒன்றரை மாதத்தில் வந்துவிடும். இன்னும் ஏற்றி 34 வைத்தால் மறுபடியும் பெண். சூடு ஆண் பெண்ணைத் தீர்மானிக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் மதலேன் ஷார்னியே என்ற பெண்மணி, 1966இல், ஆபிரிக்காவின் டக்கார் நகரில், ஓணான் ஜாதிப் பல்லி ஒன்றின் முட்டையில். அதுவரை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நான் படித்த பாடப்புத்தகத்தில் அது இல்லை.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க இருட்டறையில் போன் டோர்ச்சை முட்டையின் பக்கத்தில் வை. எடுக்காதே, வெளிச்சத்தைக் கொண்டுபோ. இளஞ்சிவப்பாகத் தெரிந்து நூல்போல் நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சளாக இருந்து நாளுக்கு நாள் சுருங்கினால் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால் அழாதே. இருக்கிறது என்றால் அதைவிடப் பெரிய கேள்வி காத்திருக்கிறது. சிறுத்தைப் பல்லி கூண்டில் பதினைந்து, இருபது வருடம் வாழும். உனக்குப் பதினாறு. அது சாகும்போது உனக்கு முப்பத்தைந்து இருக்கும். பல்கலைக்கழகம், வேலை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டி கூடவே வர வேண்டும். இரண்டு குஞ்சை ஒன்றாக வைக்க முடியாது, வாலைக் கடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி, நாளும் வெட்டுக்கிளி. எனக்கு வேலி இருந்தது, விட்டுவிட்டேன். ஸ்கார்பரோவில் உனக்கு வேலி இல்லை. சிங்கம் மூன்று நான்கு கிழமையில் இன்னும் இரண்டு போடலாம். அதற்கு இடமில்லை என்று நீயும் அம்மாவும் முடிவெடுத்தால், போட்ட அன்றே எடுத்து உறைகுளிரில் வைத்துவிடுங்கள். முளையம் வளர்ந்த பிறகு செய்வதைவிட அது எவ்வளவோ மேல். இதில் பாவம் புண்ணியம் என்று அம்மா ஏதாவது சொன்னால் என்னிடம் போன் எடுக்கச் சொல்.

முட்டையைப் பார்த்து சிங்கத்தை மறந்துவிடாதே. ஓடு கட்ட அதன் எலும்பிலிருந்தே கல்சியம் போயிருக்கும். பூச்சியில் கல்சியமும் விற்றமின் டி-யும் தூவிக் கொடு. ஒரு மூலையில் ஈரப் பாசி நிரப்பிய சின்னப் பெட்டி வை, அடுத்த தரம் அதற்குள் போய் இடும். வயிறு பெருத்து, மண்ணைத் தோண்டித் தோண்டி, முட்டை வராமல் சோர்ந்து கிடந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். அன்றே மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

நரம்பு தெரிந்ததா, தெரியவில்லையா? அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதி அனுப்பு. இப்போது எழுந்து போய்ப் பெட்டியைத் திறக்காதே. திறக்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை.

அன்புடன்,
பெரியம்மா